அறுபது பெட்டிகளுக்குக் காவல்

இன்டர்நெட் லைன் கொடுக்கிற தொழிலில், லைன் ஓடுகிற நாளில் ஒரு ஆளும் நம்மை நினைக்காது. நின்ற நிமிஷத்தில் நம் அம்மா அப்பா வரைக்கும் நினைக்கும். போன் எடுத்துத் திட்டு வாங்கும் அக்கா தங்கச்சிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சத்தம் பத்தவில்லை

ஆனையூரில் ஒரு சின்ன கேபிள் ஆபீஸில் புகார் போன் எடுக்கிற வேலை எனக்கு. படித்தது எட்டாம் வகுப்பு. பாப்பாவைப் பால்வாடியில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வந்துவிடுவேன். எல்லாம் சரி, பேச்சுதான் வராது. புது ஆள் குரல் கேட்டாலே என் குரல் எனக்கே கேட்காது. "ஹலோ, ஆளு இருக்கா இல்லையா?" என்று கத்திவிட்டு நேரே முதலாளி அண்ணனுக்குப் போன் அடிப்பார்கள். ஒரு நாள் அவர் என் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துச் சொன்னார்: "தப்பா நெனைக்காதம்மா. இந்த மாசம் போகட்டும், அடுத்த மாசம் கொஞ்சம் சத்தமாப் பேசுற பொண்ணாப் போட்டுக்கிறேன்."

எழுத்தே விழாத பாஸ்வேர்டு

அந்த வாரந்தான், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் முதலாளியின் மச்சான் ஒரு யோசனை சொன்னார். தெருவுக்கு ஒன்றாக லைன் பிரித்துக் கொடுக்கிற பெட்டிகள் எங்களுக்கு அறுபது உண்டு. அவை உயிரோடு இருக்கின்றனவா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கிற மென்பொருள் இருக்கிறதாம். யாரும் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாமாம். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று ஆபீஸ் மூலையில் கிடந்தது. அடிக்க வேண்டிய வரிகளை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். முதலாளி அண்ணனுக்குக் கண்ணாடி போட்டும் பொடி எழுத்து தெரியாது. லைன்மேன்கள் கம்பத்து மேலே. மிஞ்சினது நான்.

கறுப்புத் திரை பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. வேறு கீபோர்டு மாட்டினேன். அதுவும் அப்படியே. அரை மணி நேரத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மச்சானுக்குப் போன் போட்டு, "அண்ணே, கீபோர்டு ரெண்டும் செத்துப்போச்சு" என்றேன். அது அப்படித்தான், காட்டாது, நம்பி அடிச்சு எண்டரைத் தட்டு என்றார். தட்டினேன், உள்ளே விட்டது!

அப்புறம் வரி வரியாக அடித்தேன். அர்த்தம் ஒன்றும் தெரியாது. அதனாலேயே ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு இடைவெளிகூட நானாகத் திருத்தவில்லை. பிள்ளைக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி அளந்து அளந்து வைத்தேன். சாயங்காலம் மென்பொருளின் பக்கம் திரையில் திறந்தது. அறுபது பெட்டியின் நம்பரையும் ஏற்ற இன்னும் ரெண்டு நாள். சென்னையிலிருந்தே திறந்து பார்த்த மச்சான் சொன்னார்: "எங்க ஆபீஸ்ல இஞ்சினியருங்களே இதுல நாலு தப்பு விடுவாங்க. நீ ஒண்ணுகூட விடலையேம்மா!"

அறுபதும் சிவப்பு

நம்பர் ஏற்றி முடித்த மறுநாள் காலையில் திரை முழுக்கச் சிவப்பு. அண்ணன் தலையில் கை வைத்துவிட்டார். சமயநல்லூர் ரோட்டில் மெயின் கேபிளை லாரி இழுத்திருக்கும் என்று லைன்மேன் பாண்டி அண்ணன் ஏணியை வண்டியில் கட்டினார். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது தெரு நின்றிருந்தால் அது இந்நேரம் மேசையை விட்டுக் குதித்திருக்கும். கம்மென்று கிடந்தது. "அண்ணே, ஒருத்தரும் திட்டலையே" என்றேன். மேசைக்கு அடியில் குனிந்தால், துடைப்பம் பட்டு எங்கள் கம்ப்யூட்டரின் நெட் கேபிளே கழன்று கிடக்கிறது. கூட்டினது நான்தான், அதை மட்டும் சொல்லவில்லை. ஏணியை அவிழ்த்துக்கொண்டே பாண்டி அண்ணன் சொன்னார்: "திட்டு வரலைன்னு கவலைப்பட்ட மொத ஆளு நீதான் தங்கச்சி."

புதனும் சனியும்

செல்லூரில் ஒரு தறிக்காரர் சந்து. அங்கே அடிக்கடி லைன் நிற்கும். பாண்டி அண்ணன் போய்ச் சேர்வதற்குள் தானாக வந்துவிடும். கேபிள் மாற்றியாச்சு, பெட்டியையே மாற்றியாச்சு. சந்து மொத்தமும் வேறு கம்பெனிக்குப் போகப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

லைன் எப்போதெல்லாம் நின்றது என்று மென்பொருள் போட்டுக் காட்டின கோட்டைப் பார்த்தேன். புதன், சனி. காலை பதினோரு மணி. முக்கால் மணி நேரம். அண்ணன் கரண்டு என்றார், பாண்டி அண்ணன் வெயில் என்றார். எனக்கோ அந்தக் கணக்கு எங்கேயோ பழகின கணக்காக இருந்தது. "பெட்டிக்கு பிளக் எங்க குடுத்திருக்கீங்கண்ணே?" என்றேன். ஒரு வீட்டு அடுப்படியில் என்றார்.

சனிக்கிழமை சிவப்பு விழுந்ததும், வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக நானே அந்த வீட்டுக்குப் போன் போட்டேன். "அக்கா, பெட்டி பிளக்கைப் புடுங்கிட்டுக் கிரைண்டர் போட்டிருக்கீங்களா?" பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம். அந்த அக்கா சொன்னது இது: "ஆத்தாடி! நான் மாவாட்டுறது என் வீட்டுக்காரருக்கே தெரியாது, உனக்கு யாரும்மா சொன்னது?"

மாசக் கடைசி

சொன்னபடியே ஒரு பொண்ணு வந்தது. வாசலில் "வணக்கம் சார்" என்று சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். நான் சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தேன். முதலாளி அண்ணன் போனைத் தூக்கி அந்தப் பொண்ணு முன்னால் வைத்தார். திரையை என் பக்கம் திருப்பினார். பிறகு அந்தப் பொண்ணிடம் சொன்னார்: "எந்தத் தெரு நிக்குது, ஏன் நிக்குதுன்னு இந்தம்மா சொல்லும். அதை அம்புட்டையும் நீ சத்தமாச் சொல்லு, போதும்."

இன்றைக்கு அறுபது தெருவில் எது நின்றாலும் ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. என் வீட்டு அடுப்பில் பால் பொங்குவதுதான் இன்னும் வழிந்த பிறகு தெரிகிறது.