நல்ல தண்ணி தேடி வந்தவர்கள்

என் கணவர் தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, சிவனொளிபாதமலை ஏற வருகிறவர்கள் தங்குவதற்காக, அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரான நல்லதண்ணியில் நான்கு அறைகள் கட்டினார். ஊர்ப் பெயரையே தலைப்பாகக் கொட்டை எழுத்தில் போட்டு நான் ஒரு இணையத்தளம் செய்தேன். சீசன் நெருங்கியும் ஓர் அழைப்புகூட வரவில்லை.

ஹட்டனில் இன்டர்நெட் கடை வைத்திருந்தவரை நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். அவர் தளத்துக்கு வந்துபோனவர்களின் கணக்கைப் பார்த்துச் சொன்னார்: "வாறவங்க முதல் பக்கத்தோடயே திரும்பிப் போறாங்க. இப்படிப் போறவங்க வீதத்தத்தான் பவுன்ஸ் ரேட்னு சொல்றது."

அறைகளின் திரைச்சீலைகளை மாற்றி மறுபடி படமெடுத்துப் போட்டேன். அப்படியும் திரும்பித்தான் போனார்கள். "நம்ம ரூம் அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று கணவர் கேட்டார்.

மறுநாளே நானாவிடம் ஓடினேன்.

"அவங்க என்ன தேடி வந்தாங்கன்னு பாத்தீங்களா தங்கச்சி?" என்று கேட்டு, அவர்கள் தேடிய சொற்களைத் திறந்து காட்டினார். நல்ல தண்ணிக்குக் கிணறு எங்கே தோண்டுவது, நல்ல தண்ணிக்கு எந்த ஃபில்டர் வாங்குவது என்றே வரிசையாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து, 'சிவனொளிபாதமலை அடிவாரத்தில் தங்கும் அறைகள்' என்று தலைப்பை மாற்றினேன். அந்த வாரமே போன் அடித்தது.

இப்போது யார் திரும்பிப் போனாலும், நான் முதலில் பார்ப்பது என் அறைகளை அல்ல, அவர் எதைத் தேடி வந்தார் என்பதைத்தான்.