துரட்டி ஆட்டிய தூளி

என் மகன் பிறந்து நாலு மாதம் முடியும்வரை பகலில் ஒரு தடவைகூடக் கீழே படுத்துத் தூங்கியதில்லை. தோளில் தூங்குவான், மடியில் தூங்குவான், நான் ஒற்றைக் கையால் சோறு தின்னும்போது இடுப்பிலேயே தூங்குவான். கீழே போட்டால் போதும், முதுகு பாயைத் தொடுவதற்குள் கண்ணைத் திறந்துவிடுவான். பிறகு அவன் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நான் பிள்ளையைக் கிள்ளிவிட்டேனா என்று எட்டிப் பார்ப்பார்கள். கிள்ளலாம் என்று தோன்றிய நாட்களும் உண்டு.

தூளி கட்டாமல் இருப்போமா? கட்டியிருந்தோம். என்னுடைய பழைய நூல் சேலை, முகம் தெரியும்படி துணியை விரித்துப் பிடிக்கத் தொட்டில் கட்டை, இழுத்து ஆட்ட ஒரு கயிறு, எல்லாம் முறையாகத்தான் இருந்தது. அதில் போட்டதும் வில்லாக வளைந்துகொண்டு அழுவான். நான் கொஞ்ச நேரம் ஆட்டிப் பார்ப்பேன். அவன் குரல் கம்மத் தொடங்கினால் என்னால் பொறுக்க முடியாது, எடுத்துவிடுவேன். அவனுக்கும் அது தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. நான் ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் வலிக்காது என்று என்னைக் கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. வருகிற திங்கட்கிழமை வரவில்லை என்றால் வேறு பெண்ணைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். அம்மா என் அக்காவின் பிரசவத்துக்காக மதுரையில் இருந்தாள். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இத்தனை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற இடம் எதுவும் எங்கள் பக்கத்தில் கிடையாது. மிச்சம் இருந்தது மாமா ஒருவர்தான், என் கணவரின் அப்பா.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை வராமல் போயிருந்தது. நடப்பார், சமைப்பார், பால் பாட்டில் கழுவுவார், துணி மாற்றுவார். பிள்ளையைத் தூக்க மட்டும் முடியாது. ஒருநாள் நான் குளிக்கப் போயிருந்தபோது அழுகிறானே என்று வலது கையை மட்டும் கொடுத்துத் தூக்கப் பார்த்திருக்கிறார். பிள்ளை நழுவி அவர் மடியில் விழுந்தான். நான் ஈரத்தலையோடு ஓடிவந்து கத்திய கத்தலில் அவர் அதற்குப் பிறகு பிள்ளை பக்கத்தில் உட்காருவதையே விட்டுவிட்டார். இன்றைக்கு அது நடந்தாலும் நான் கத்தத்தான் செய்வேன். ஆனால் அப்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பிள்ளை யார் கையும் இல்லாமல் தூங்கப் பழகினால் எனக்கு வேலை இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது.

அதனால் வெள்ளிக்கிழமை ஓர் ஒத்திகை வைத்தோம். நான் வீட்டில் இருக்கிறவரை அவன் அடங்கமாட்டான், ஆகவே நான் தெருமுனைக் கடையில் போய் நின்றுகொள்வது. மாமா அறை வாசற்படிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கயிற்றை இழுத்துத் தூளியை ஆட்டுவது. தாங்க முடியாமல் அழுதால் எனக்குப் போன் போடுவது. பால் கொடுத்து, தூளியில் போட்டு, அவன் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

எங்கள் வீட்டின் கதவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர்கள் சென்னையில். தூளி கட்டியிருந்த அறைக்குத் தேக்குக் கதவு, ஓர் ஆள் முழுப் பலத்தோடு தள்ள வேண்டும். உட்பக்கம் கனத்த இரும்புத் தாழ்ப்பாள். அதைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்தாலும் கதவு அறைந்து சாத்தினால் தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும். இது தெரிந்துதான் எப்போதும் அம்மிக் குழவியைக் கதவுக்கு அண்டை கொடுத்து வைப்போம். தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அந்த மாதிரி வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர்கள் ஓர் ஆணியைக்கூடத் தொடமாட்டார்கள்.

அது ஆடி மாதம். நான் கடையில் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி அலறத் தொடங்கியது. சத்தத்தில் பிள்ளை எங்கே தூங்கப்போகிறான் என்று மாமா கதவை முக்கால்வாசி சாத்த நினைத்திருக்கிறார். குழவியைக் காலால் நகர்த்திவிட்டுக் கதவைக் கையில் பிடித்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து வளவு முற்றத்தின் வழியாக ஆடிக் காற்று ஒரு தள்ளு தள்ளியது. ஒற்றைக் கைக்கு அந்தக் கதவு நிற்குமா?

போனில் மாமா, "ஆத்தா, கதவு விழுந்துருச்சு. பிள்ளை உள்ள இருக்கான்" என்றார்.

எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு செருப்பு வழியிலேயே போய்விட்டது. கதவைத் தோளால் இடித்தேன், அது அசையவில்லை. உள்ளே அவன் வீறிட்டுக்கொண்டிருந்தான். மாமா அதற்குள் காரைக்குடி ஆசாரிக்குப் போன் போட்டிருந்தார். அவர் அரியக்குடியில் ஒரு வேலையில் இருக்கிறார், வர நேரமாகும் என்றார். நான் தோட்டத்துப் பக்கம் சுற்றி ஓடி ஜன்னலைப் பிடித்தேன். ஜன்னல் கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் நாலு இரும்புக் கம்பி. தூளி அறை நடுவில் தொங்கியது. கையை முழுவதும் விட்டாலும் எட்டவில்லை. கதவைப் பிடிப்பதற்காக மாமா கீழே போட்ட கயிறும் வாசற்படிக்கு உட்பக்கமாகக் கிடந்தது.

அவன் என்னைப் பார்த்துவிட்டான். தூளித் துணிக்கு மேலே அவன் முகம் சிவந்து தெரிந்தது. அம்மா வந்துட்டேன்டா, வந்துட்டேன்டா என்று நான் சொல்லச் சொல்ல அவன் இன்னும் வேகமாக உதைத்தான். அந்த வாரம்தான் குப்புற விழப் பழகியிருந்தான். அந்தப் பக்கமாக ஒரு புரள் புரண்டால் கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. என் கண் அந்தத் தரையை விட்டு நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பெயரைக் கத்திக்கொண்டே இருந்தேன்.

மாமா முருங்கை மரத்தடியில் கிடந்த துரட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். நீள மூங்கில், நுனியில் கத்தி கிடையாது, காயை முறுக்கிப் பறிக்க ஒரு குறுக்குக் குச்சி மட்டும் கட்டியிருக்கும். அதைக் கம்பிகளுக்கு நடுவே விட்டு, பாரத்தை ஜன்னல் கட்டையில் இறக்கி, தொட்டில் கட்டைக்கு மேலே தூளிக் கயிற்றில் குச்சியை மாட்டினார். அதற்கு ஒரு கை போதும். தூளி ஒரு பக்கம் போய் ஆடத் தொடங்கியது. பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை.

"நீ அங்குட்டுப் போயி உக்காரு" என்றார் என்னிடம்.

போகமாட்டேன் என்றேன். விழுந்துவிடுவான், நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். நீங்கள் கதவை விட்டதால்தான் இவ்வளவும் என்றுகூடச் சொன்னேன். அவர் துரட்டியை விடவும் இல்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

"ஆமாத்தா, நான்தான் விட்டேன். இப்ப உன்னையப் பாத்துத்தான் அவன் துள்ளுறான். நீ முன்னாடி நிக்கிற மட்டும் தூக்குவேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இருப்பான். உன்னால தூக்க முடியாது. செத்த கீழ உக்காரு."

ஜன்னலுக்குக் கீழே சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். தலைக்கு மேலே மூங்கில் கம்பியில் உரசுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. பிள்ளையின் அழுகை கொஞ்சம் இறங்கி, என்னைத் தேடுவது போல மறுபடி ஏறியது. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் எழுந்திருக்கப் போனேன். மாமா காலால் என் முழங்காலைத் தட்டி உட்காரச் சொன்னார். என் மாமனார் அதுவரை என் நிழலைக்கூட மிதிக்காத மனிதர்.

அழுகை சிணுங்கலானது. பிறகு அதுவும் இல்லை. அந்த அமைதிதான் என்னை உலுக்கி எடுத்தது.

"மாமா, மூச்சு இருக்கா?"

"இருக்கு. வயிறு ஏறி எறங்குது. தூங்கிட்டான்."

நான் மெதுவாக எழுந்து பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையை வெளியே தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். மாமாவின் கழுத்திலும் முதுகிலும் வியர்வை ஓடியது. துரட்டியை நான் வாங்கிக்கொள்ளவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஆசாரி பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதவைத் தட்டிப் பார்த்து, இது ரொம்ப நல்ல தேக்கு, கீல் பக்கம் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும், சத்தம் பலமாக இருக்கும் என்றார். சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆரம்பிக்கவா தாயி?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கதவை நகத்தால் பிறாண்டி எடுக்க வேண்டும் போலிருந்தது. பால் கட்டி மார் வலித்தது. உள்ளே போய், தூளியிலிருந்து வாரி எடுத்து, அவன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொள்ளாமல் எனக்கு உயிர் நிற்காது என்று தோன்றியது. தோட்டத்துப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன், மாமாவும் என்னைப் பார்த்தார். துரட்டி மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"முழிக்கட்டும். பெறகு ஒடைங்க" என்றேன், ஆசாரியிடம் திரும்பி வந்து.

பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, பெற்றவள் காத்திருக்கச் சொல்கிறாளே என்று ஆசாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சுத்தியலைப் பையில் வைத்துவிட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார். நான் அவருக்குத் தேநீர் போட அடுப்படிக்குப் போனேன். இனி நான் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். நான் இல்லாமலும் அவன் தூங்குவான். நாலு மாதமாக நான் வேண்டிக்கொண்டது இதைத்தான். பால் பொங்கி வழிகிறவரை அடுப்புக்கு முன்னால் நின்று சத்தம் வராமல் அழுதேன்.