மீன் தலையும் நான்கு பேர் மேசையும்

போன வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் பிடோக்கில் எங்கள் வீட்டுக்கு ஒரு மீன் தலை வந்தது. மோட்டார் சைக்கிளில், பைக்குள், தலைகீழாக. குழம்பு முழுவதும் பையின் அடியில். அப்பளம் அதில் நீந்திக்கொண்டிருந்தது.

"இனிமே இந்த டெலிவரியே வேணாங்க. ஞாயித்துக்கிழமை கடைக்கே போய்ச் சூடா சாப்பிடுவோம்" என்றாள் என் மனைவி வசந்தா.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி, லிட்டில் இந்தியா. அந்த நேரத்தில் அங்கே உட்கார இடம் தேடுகிறவனை என்ன சொல்வது? வரிசையில் நின்றோம். பக்கத்திலேயே டெலிவரிக்காரர்களின் வரிசை. அது நகர்ந்துகொண்டே இருந்தது. எங்களுடையது அசையவில்லை. கடைக்கு நடந்து வருகிறவனைவிட, வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பவனுக்குத்தான் இப்போது மரியாதை.

உள்ளே, நான்கு பேர் மேசையில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பதை ஒட்டிய வயது. ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலை என்று பிறகுதான் தெரிந்தது. வாரத்தில் ஒரு நாள் லீவு, அதில் ஒரு வேளை பிரியாணி. தட்டில் பாதி அப்படியே இருந்தது.

சூப்பர்வைசர் அவர்களிடம் குனிந்தார். "பாஸ், கொஞ்சம் அந்தப் பக்கம் மாறிக்கிறீங்களா? ஃபேமிலி வெயிட் பண்றாங்க லா."

ஃபேமிலி என்றால் நாங்கள்தான். ஏன், அவர்களுக்கு ஊரில் குடும்பம் இல்லையா?

"பரவாயில்லை, முடிச்சிட்டே வரட்டும்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூணே வார்த்தை. நான் என்ன செய்தேன்? ஏதோ அவசரச் செய்தி வந்தவன்போலக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலை நிமிர்ந்தபோது இருவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த குட்டி மேசைக்குப் போயிருந்தார்கள்.

வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள். பசி...

பரிமாறும் பெண் வந்தாள். "ஒரு மீன் தலைக் கறிம்மா, சாதம் ரெண்டு" என்றேன்.

"மேசைல ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி ஆர்டர் போடுங்க அங்கிள்."

கைப்பேசியை எடுத்தேன். சார்ஜ் தீர்ந்து அணைந்துபோயிருந்தது. வசந்தாவின் போன் வீட்டில் சார்ஜில்.

"நீயே எழுதிக்கோயேம்மா."

"நாங்க எழுதுனா கிச்சனுக்குப் போகாது அங்கிள். சிஸ்டம் அப்படி."

அடுப்பு எரிகிறது. மீன் இருக்கிறது. எனக்கு வாய் இருக்கிறது, அவளுக்குக் காது இருக்கிறது. ஆனால் சொன்னால் சோறு வராது. இரண்டு பேரைக் கிளப்பிவிட்டு வாங்கிய நாற்காலியில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, போன் ஆஃபா? இருங்க, நான் போட்டுத் தர்றேன்."

எழுப்பிவிடப்பட்ட இருவரில் ஒருவர். கை கழுவிய ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தன் போனில் ஸ்கேன் செய்தார். பெயர் பாண்டியனாம்.

"அக்கா, காரம் கம்மியாவா, நார்மலா? அப்பளம் கூட ரெண்டு சொல்லவா?"

வசந்தாவின் குரல் இறங்கியது. "சாரி தம்பி, சாப்பிடும்போது எழுப்பி விட்டுட்டோம். ரெண்டு பேரும் வந்து எங்களோட உட்காருங்க."

"இருக்கட்டும்க்கா. சாப்பிட்டாச்சு."

வாரா வாரம் இந்தப் பத்தியில் ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிறவனுக்கு அப்போது வாயில் வந்தது ஒரே வார்த்தை — தேங்க்ஸ்.

மீன் தலை வந்தது. நிமிர்ந்து, ஆவி பறக்க, குழம்பு சிந்தாமல். முள் எதுவும் குத்தவில்லை. ஆனாலும் சரியாக இறங்கவில்லை.

கவுன்ட்டரில் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தால், நடைபாதையில் பாண்டியனும் அவர் நண்பரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இம்முறை பார்த்துத் தப்பிக்கப் போனிலும் உயிர் இல்லை. பக்கத்தில் போனேன்.

"உங்க இடத்துல நான் வந்து உட்கார்ந்தது தப்பு. வேணாம்னு அப்பவே சொல்லியிருக்கணும்."

"விடுங்கண்ணே" என்று சிரித்தார். போனை என் பக்கம் திருப்பினார். ஆர்டர் அவர் போனிலிருந்து போனதால், சாப்பாடு எப்படி, சேவை எப்படி என்று கடை அவரிடமே கேட்டிருந்தது. "அஞ்சு ஸ்டார் போட்டுட்டேன்" என்றார்.

"உங்களைக் கிளப்பிவிட்ட கடைக்கா?"

"கம்மியா போட்டா அந்த சூப்பர்வைசரைத்தான் திட்டுவாங்கண்ணே. அவரும் வேலைக்கு வந்தவருதானே."

நான் சாப்பிட்ட நேரம் முழுக்க அந்தக் கடைக்கு ஒரே ஒரு ஸ்டார் கொடுத்து, காரசாரமாக ஒரு விமர்சனத்தை மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

எனக்கு எத்தனை ஸ்டார் என்று பாண்டியனிடம் நான் கேட்கவில்லை.