பாய் போட்ட கூட்டல் கழித்தல்

அந்தச் சான்றிதழின் அலுவலகப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. 'பூஜ்யம் டிகிரி' என்று பேனாவால் எழுதிய அளவுக்குப் பக்கத்தில், '± 0.3' என்று பாய் பென்சிலால் எழுதியதை நான் ரப்பரால் தேய்த்த தடம் தெரியும். இவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதற்குப் பொருள்.

சாரம் பகுதியில் இருந்த எங்கள் சோதனைக்கூடத்தில் வெப்பமானிகளைச் சரிபார்த்துக் கொடுப்போம். நான் பொறுப்பதிகாரி. பாய் டெக்னீசியன், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மற்றவர்கள் பனிக்கட்டித் தண்ணீரில் ஒரு தடவை அமிழ்த்திப் பார்த்து எழுதிவிடுவார்கள். அவர் எடுத்து, துடைத்து, மறுபடி அமிழ்த்தி, பத்துத் தடவை பார்ப்பார். பத்தும் ஒன்றுபோல் வராது. அந்த வித்தியாசத்தையும் எழுதினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'பிழை' ஒன்றுதான். உண்மையான அளவு என்று ஒன்று இருக்கிறது. கருவி எவ்வளவு தவறுகிறது என்று கண்டுபிடித்துத் திருத்திவிட்டால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் சந்தேகம் இருக்கிறது என்பவன் வேலை தெரியாதவன். "உங்க ஆளுக்கே நம்பிக்கை இல்ல, நாங்க எப்படி நம்புறது?" என்று மருந்துக் கம்பெனிக்காரர் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு மானமே போயிற்று. இரண்டு பிரதியிலும் அதை அழித்துக் கொடுத்தனுப்பினேன். பாயின் பதவி உயர்வுக்கான குறிப்பை அந்த வாரம்தான் அனுப்ப வேண்டியிருந்தது. 'தன் அளவிலேயே உறுதி இல்லாதவர்' என்று எழுதினேன். பதவி உயர்வு அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

சில வருடங்களில் எல்லாம் மாறியது. உண்மையான அளவை முழுதாக யாரும் அறிய முடியாது, நம் சந்தேகம் எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்வதே நேர்மை என்றார்கள். அந்தக் கூட்டல் கழித்தல் குறி இல்லாத சான்றிதழ் செல்லாது என்றானது. எங்கள் கூடத்தில் பயிற்சி வகுப்பு எடுத்தது நான். கடைசி வரிசையில் உட்கார்ந்து பாய் குறிப்பெடுத்தார். இதை முதலில் செய்தவர் இவர்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைதட்டலையும் வாங்கிக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

போன மாதம் நெல்லித்தோப்பில் அவர் வீட்டுக்குப் போய், பதவி உயர்வுக் குறிப்பில் அன்று நான் எழுதியதைச் சொன்னேன். பாய் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"தெரியும் மேடம். அந்தக் கவர ஹெட் ஆபீஸுக்கு எடுத்துகினு போனதே நான்தான். ஒட்டாம குடுத்தீங்க. வழியிலேயே படிச்சிட்டேன்."

"அப்பவே கிழிச்சுப் போட்டிருக்கலாமே, பாய்?"

"நீங்க என்னப் பாத்து எழுதின அளவு அது. அத நான் எப்படி மாத்துறது?"