சூரினாமில் அப்போது மழை

முதலில் மன்னிப்பு. இந்த வாரம் என் கையெழுத்து வழக்கத்தைவிட மோசமாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெரிய 'ற'வும் சின்ன 'ர'வும் இன்றும் என்னிடம் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். பத்திரிகை ஆபீசில் யாரோ ஒரு புண்ணியவான் வாராவாரம் திருத்திவிடுகிறார். நீங்களும் என்னைப் படித்தவன் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் இந்த வாரம் அவருக்கு வேலை கொஞ்சம் அதிகம்.

காரணம் — சூரினாம்.

அது எங்கே இருக்கிறது என்கிறீர்களா? எங்கள் பழவேற்காட்டுத் தோணிரேவில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த என் மச்சான் கேட்டான்: "சூளூர்பேட்டைக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?"

"அந்தாண்ட," என்றேன். பொய் இல்லையே?

தென் அமெரிக்காவின் தலைமாட்டில் இருக்கும் சின்ன நாடு. பெரும்பகுதி காடு. ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் ஆண்டது. பழவேற்காட்டிலும் அவர்கள்தானே கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்? அந்த உறவை வைத்துத்தான் போன கார்த்திகையில் ரீட்டா அம்மா சூரினாமிலிருந்து வந்தார். ரிட்டயர்டு டீச்சர். டச்சுக் கல்லறைகளைப் பார்த்து முடித்து, சென்னையிலிருந்து கூட்டிவந்த கைடோடு என் படகில் ஏறினார். ஏரிக்கு நடுவில் மழை பிடித்துக்கொண்டது. வேறு வழி? நேராக எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன்.

என் மனைவி தேசம்மா சோறும் இறால் குழம்பும் போட்டாள். ஸ்பூன் தேடி ஓடியவளை அந்த அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தானே பிசைந்து சாப்பிட்டார். அவருடைய முன்னோர்கள் கரும்பு வெட்ட இந்தியாவிலிருந்து கப்பல் ஏறியவர்களாம். கிளம்பும்போது ஏதோ சொன்னார். கைடு தமிழில் சொன்னார்: "அவங்க வீடு ஆத்தங்கரையில இருக்காம். மழைக்காலத்துல தண்ணி வாசப்படி வரைக்கும் வருமாம். நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணுமாம்."

உங்களுக்கும் எனக்கும் இது ஒரு மரியாதைப் பேச்சு. தேசம்மாவுக்கு அப்படியா? நம் வீட்டில் கை நனைத்தவர் 'வா' என்று கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் கூப்பிட்டவர்களை அவமானப்படுத்தியதாக அர்த்தம். மறுநாள் காலை டீயை நீட்டும்போதே கேட்டாள்:

"எப்பய்யா போறோம்?"

உடனே போக முடியாது. மழை மாதங்களில் ஏரியில் முறை வைத்து வலை போடுவோம். பாடு என்போம். நம் பாடு வரும் நாளில் நாம் இல்லாவிட்டால் அந்த இடம் கைவிட்டுப் போகும். கோடையில் முகத்துவாரம் மணல் அடைத்து, தண்ணீர் சுண்டி, இறால் நின்றுபோன பிறகுதான் எங்களுக்கு லீவு. மேல்மாடி கட்டவேண்டும் என்று சேர்த்ததை இதற்கு எடுக்கலாம் என்றாள். வீடு தரையிலேயே இருக்கட்டும், நாம் பறப்போம் என்கிற திட்டம்!

பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் யூசுப் பாய்தான் ஊருக்கே டிக்கெட் போடுபவர். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, நீ சொல்ற மாசத்துல அங்க பேய் மழை. காட்டு ரோடெல்லாம் சேறாம். சாதாரண நாள்லயே அந்த ஊருக்கு எவனும் போறதில்ல... அப்ப சுத்தமா போக மாட்டான்."

"எவனும் போகலன்னா நல்லதுதானே பாய்? ஜன்னலோர சீட்டு கிடைக்கும்."

"கொசு கீது. காட்டுல பாம்பு கீது."

"இங்க இல்லாததா? வெயில்ல வெந்துக்கினு கெடக்கிறதுக்கு, மழையில நனைஞ்சிட்டு வரலாம். நீ போடு பாய்."

பாய் என் பக்கம் திரும்பினார். "நைனா, உன் வூட்டுல மாலுமி அவங்கதான். நீ சும்மா துடுப்பு!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சூரினாம்தான். பாயிடம் ஒரு உலக மேப் பிரிண்ட் எடுத்து பீரோ கதவில் ஒட்டினாள். பழவேற்காட்டுக்கு ஒரு குங்குமப் பொட்டு, அங்கே ஒரு பொட்டு. கையால் அளந்து பார்த்து, "ஒரு சாணும் நாலு விரலும். இவ்ளோதானே?" என்றாள். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. எடுத்துப்போக வேண்டியவற்றில் தார்ப்பாயும் கருவாடும் சேர்ந்தன.

"கருவாட்டை ஏர்போர்ட்ல விட மாட்டான். மோப்ப நாய் வச்சிருப்பான்," என்றேன்.

"நாய்க்கும் ரெண்டு போட்டா போச்சு."

இதில் என் பங்கு ஒன்றே ஒன்று. ரீட்டா அம்மாவுக்கு, "நாங்கள் வருகிறோம்" என்று செய்தி அனுப்ப வேண்டும். நம்பர் என் போனில்தான் இருக்கிறது. தேசம்மா கேட்டபோது சொன்னேன்: "அனுப்பிட்டேன். தாராளமா வாங்கன்னு பதில் போட்டிருக்காங்க."

நான் அனுப்பவே இல்லை.

ஏன் என்கிறீர்களா? அலை எழும்பும்போது படகைத் தள்ளச் சொல்லுங்கள், தள்ளுகிறேன். ஒருவரிடம் போய் ஒன்றைக் கேள் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மா சும்மா வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால்? 'மன்னிக்கவும், வசதிப்படாது' என்று வந்தால்? பீரோ கதவின் முன்னால் நின்று அதை தேசம்மாவிடம் நான் எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று நாலு மாதம் ஓட்டிவிட்டேன். கூச்சத்தை நல்ல குணம் என்று ஊர் மெச்சுகிறது பாருங்கள்... அதன் வசதி கூச்சப்படுகிறவனுக்குத்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் போடப் போனோம். தேசம்மா புதுப் புடவை கட்டியிருந்தாள். பாய் விசா ஃபார்மைத் திறந்தார்.

"தங்குற எடத்து அட்ரஸ் வேணும் நைனா. அந்தம்மா போட்ட பதிலைக் காட்டு, அதுல இருக்கும்."

"காட்டுய்யா," என்றாள் தேசம்மா சிரித்துக்கொண்டே.

போனை எடுத்தேன். மேலே தள்ளினேன். கீழே தள்ளினேன். கார்த்திகையில் அந்த அம்மா அனுப்பிய போட்டோ ஒன்று இருந்தது — எங்கள் வீட்டில் மூவரும் சாப்பிடுவது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. பாய் எட்டிப் பார்த்தார். சட்டென்று எழுந்து, "டீ சொல்லிட்டு வரேன்," என்று வெளியே போய்விட்டார். நல்ல மனிதர்.

தேசம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அவங்க வேணான்னு சொன்னா நான் அழுவேன்னு பயந்துட்டியா?"

தலையாட்டினேன்.

"நீ கேக்காம இருந்ததுக்குத்தான்யா அழுகை வருது."

பாய் மூன்று டீயோடு திரும்பி வந்து, தானே இங்கிலீஷில் டைப் செய்து அனுப்புவதாகச் சொன்னார். தேசம்மா விடவில்லை. ஜெராக்ஸ் பேப்பர் ஒன்றை உருவி என் முன்னால் வைத்தாள். "இவரு கையாலயே எழுதட்டும் பாய். அதுக்கு அடியில நீ இங்கிலீஷ்ல போடு."

எழுதினேன். மூன்று தாள் வீணாயிற்று. நாலாவது தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'அம்மா, எங்களை வீட்டுக்கு வரச் சொன்னீர்கள். எங்கள் கோடையில் நிஜமாகவே வரலாமா? அப்போது அங்கே மழை என்கிறார்கள். பரவாயில்லை. என் மனைவிக்கு உங்களைப் பார்க்க ஆசை. எனக்கும்தான்.'

பாய் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். இரண்டு டிக் விழுந்தது. நான் இதை எழுதும் இந்த நேரம் வரை அது நீலமாகவில்லை. அங்கே இப்போது பகலா இரவா என்று பாயைக் கேட்டுக்கேட்டு, அவர் என்னைக் கண்டாலே கடைக்குள் ஒளிந்துகொள்கிறார். தேசம்மா மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் லேசாகச் சிரிக்கிறாள். டிக்கெட் இன்னும் போடவில்லை, அதற்குள் அவளுக்கு என்ன சிரிப்பு?

பத்திரிகைக்கு அனுப்ப இந்தத் தாளை மடிக்கும்போது அவள்தான் கவனித்தாள். "தேதி போடலயே?"

வாங்கி, அடியில் போட்டேன்.

பங்குனி 17, ஞாயிற்றுக்கிழமை.