எடை எடுத்த நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு நானும் என் நண்பரும் எடை பார்த்துக்கொள்வது வழக்கம். ஓசூரில் எங்கள் குடியிருப்பிலிருந்து சிப்காட் போகும் சாலையில், என் வாசலிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு எட்டில், ஒரு பழைய இரும்புக் கடை இருக்கிறது. அங்கே உள்ள மேடைத் தராசில்தான் ஏறுவோம். மருந்துக் கடை மெஷினை நான் நம்புவதில்லை. ஒரே நிமிடத்தில் மூன்று முறை ஏறி மூன்று எடை பார்த்திருக்கிறேன்.

சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவன் நான். நண்பர் அதே தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருந்தவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். வாலிபத்தில் அங்கே குத்துச்சண்டை போட்டவர், வெல்டர் வெயிட் பிரிவில். நான் கையுறை மாட்டியதே இல்லை. ஆனால் குத்துச்சண்டையைப் பற்றி அவரைவிட அதிகம் படித்திருக்கிறேன், அதிகம் பார்த்திருக்கிறேன். எங்களுக்குள் பதினான்கு வருடமாக ஒரே சண்டை. வெல்டர் வெயிட்டில் எல்லாக் காலத்துக்கும் பெரியவன் யார்? என் ஆள் பழைய காலத்தவர், பதினைந்து ரவுண்டு நின்றவர். அவருடைய ஆள் இந்தக் காலத்து இடக்கைக்காரன்.

"அதே வெயிட்டுதானவே?" என்பார் நண்பர். "அன்னைக்கும் அறுவத்தாறு கிலோ அறுநூத்தி எம்பது கிராம், இன்னைக்கும் அதுதான். பொறவு ரெண்டு பேரையும் ஒரே ரிங்குல எறக்கிப் பாக்க என்ன தட?"

"எப்ப எடுத்த எடை? அதச் சொல்லுப்பா மொதல்ல" என்பேன். அந்தக் காலத்தில் சண்டை நடக்கும் நாள் காலையிலேயே எடை பார்ப்பார்கள். இப்போது முந்தின நாளே பார்த்துவிடுகிறார்கள். இந்தப் பையன்கள் தண்ணீர் குடிக்காமல், வியர்த்து வடித்து, அரை உயிராகத் தராசில் ஏறுகிறார்கள். இறங்கியதும் குடித்துத் தின்று மறுநாள் நாலைந்து கிலோ கூடுதலாக ரிங்குக்குள் வருகிறார்கள். அது எப்படி அதே வெயிட்? எடுத்த நேரத்தை எழுதாத அளவு அளவே இல்லை. இதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கணக்கு வைத்திருந்தேன், இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் அவர் சொல்வது ஒன்றுதான்.

"இருந்தாலும் அந்த எடது கை இருக்கே, வே!"

இப்படி ஒரு மனிதரோடு எப்படித்தான் பேசுவது?

போன வருடம் அவர் எடை இறங்க ஆரம்பித்தது. எழுபத்தொன்றில் இருந்தவர் அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு என்று வந்தார். என் நோட்டில் தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது. அறுபத்தாறு அறுநூறு வந்த அன்று தராசின் மேலேயே நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

"பாத்தீரா! இருவத்தஞ்சு வயசுல இருந்த வெயிட்டு. நான் திரும்ப வெல்டருவே!"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சாப்பாட்டைக் குறைக்காமல், நடையைக் கூட்டாமல் ஒருவர் இளைத்தால் அது கொண்டாடுகிற விஷயமா? டாக்டரிடம் போகச் சொன்னேன். முதல் வாரம் சிரித்தார். அடுத்த வாரம் பேச்சை இடக்கைக்காரனிடம் திருப்பினார். கடைசியில், "அறுபத்தஞ்சுக்குக் கீழ போனா நானே உன்னை இழுத்துக்கினு போவேன்" என்று கெடு வைத்தேன். சரி என்று தலையாட்டினார்.

அடுத்த மூன்று ஞாயிறும் அறுபத்தைந்து நானூறு, அறுபத்தைந்து நானூறு, அறுபத்தைந்து ஐந்நூறு. நின்றுவிட்டது என்று நிம்மதியானேன். அவர் கைக்கடிகாரம் மணிக்கட்டில் சுழன்றதைப் பார்த்தேன். பெல்ட்டில் புதிதாகக் குத்திய ஓட்டைகளையும் எண்ணினேன், இரண்டு. ஆனாலும் தராசைத்தான் நம்பினேன்.

நாலாவது ஞாயிறு கடைக்காரர் வந்த சரக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். கையில் காந்தம். ஒட்டினால் இரும்பு ஒரு பக்கம், ஒட்டாவிட்டால் அலுமினியமும் பித்தளையும் இன்னொரு பக்கம். நண்பர் தராசில் ஏறியதும், "பெரியவர் பாக்சர் ஆச்சே, இரும்பா அலுமினியமான்னு பாத்துடலாம் சாமி" என்று விளையாட்டாகக் காந்தத்தை அவர் இடுப்புப் பக்கம் நீட்டினார்.

டக்கென்று ஒட்டிக்கொண்டது.

மூன்று பேரும் அதையே பார்த்தோம். கடைக்காரர் இழுத்தார், வரவில்லை. நான் போய்ச் சட்டையைத் தூக்கினேன். உள்ளே இடுப்பில் துண்டைச் சுற்றி, அதற்குள் இரண்டு பைக் செயின்.

"அய்யய்யோ, ஏனு சாமி இது!" என்று கடைக்காரருக்குக் கன்னடம் வந்துவிட்டது. "இது நம்ம கடை மாலு! மூணு வாரமா செயினு கொறையுது, நான் நாயைத் திட்டிக்கினு இருக்கேன்!"

செயினைக் கழற்றித் தனியாக எடை போட்டேன். மூன்று கிலோ நானூறு. பிறகு அவரை ஏற்றினேன். அறுபத்திரண்டு கிலோ. வெல்டருக்கு ஒரு பிரிவு கீழே. எடுத்த நேரத்தைக் கேள், எப்படி எடுத்தான் என்று கேள் என்று பதினான்கு வருடமாகக் கத்தியவன் நான். என் கண்ணெதிரே மூன்று வாரம் பொய் எடை போட்டிருக்கிறார், நான் அதை நோட்டில் அழகாக எழுதியிருக்கிறேன்.

"அறிவிருக்காப்பா உனக்கு? ஊர்ல எல்லாரும் எடையைக் கொறைக்கத் திருட்டுத்தனம் பண்ணுவான், நீ கூட்டறதுக்குப் பண்றியா?"

அவர் அங்கே கிடந்த பழைய செயின் குவியலின் மேல் உட்கார்ந்தார். "எங்க அண்ணன் இப்படித்தான்வே எளச்சான்" என்றார். "ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனான். நோயோட பேரச் சொன்னானுவ. அன்னைக்குப் படுத்தவன்தான், எந்திரிக்கல."

கடைக்காரர் டீ வாங்கப் போய்விட்டார். செயினை ஓரமாக வைத்துவிட்டு, "போலாம் வா. நாளைக்கு வேணாம், இப்பவே" என்றேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தார். "வாரேன். ஆனா ஒண்ணு. எடக்கைக்காரன்தான் பெரியவன்னு அந்த நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடும்."

முப்பத்தொரு வருடத்தில் நூலளவு தப்பான பாகத்துக்குக்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. மேனேஜரே வந்து கெஞ்சியபோதும் போடவில்லை. அந்தக் கடையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். எழுத்துக்கு எழுத்து அவர் எட்டிப் பார்த்தார். "எல்லாக் காலத்துக்கும்னு சேத்துக்கிடும்வே" என்றார். அதையும் சேர்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் நாற்பத்து மூன்று, உள்ளே ஓடிக்கொண்டிருந்தது பத்தொன்பது. இடையில் இரண்டு முறை எழுந்து வாசல் பக்கம் போனார். இரண்டு முறையும், "நோட்டைக் கிழிச்சிடுவேன்" என்றேன், திரும்பி வந்து உட்கார்ந்தார். பயந்தது எதுவும் இல்லை, சர்க்கரை. ஏறக்கூடாத அளவுக்கு ஏறிக் கிடந்திருக்கிறது. மாத்திரை கொடுத்து, வெல்லமும் வாழைப்பழமும் நிறுத்தி, மாதா மாதம் வரச் சொன்னார்கள். அந்தத் தேதிகள் என் நோட்டில்தான் இருக்கின்றன. அவரை நம்பி விட முடியுமா?

டீக்கடையில் இப்போது யார் வந்தாலும், "இன்ஸ்பெக்டரே கையெழுத்துப் போட்டுட்டாரு" என்கிறார். அது கட்டாயத்தில் எழுதியது என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. யாரும் முழுதாகக் கேட்பதில்லை.

ஞாயிறு எடை நிற்கவில்லை. ஏறுமுன் கடைக்காரரிடம் காந்தத்தை வாங்கி, நானே அவர் இடுப்பைச் சுற்றி ஒரு தடவை ஓட்டிவிடுகிறேன். கூச்சத்தில் நெளிகிறார். சென்ற வாரம் அறுபத்தாறு எழுநூறு. வெல்டருக்கு இருபது கிராம் அதிகம்.

"சட்டையக் கழத்தட்டுமாவே?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லி, அப்படியே எழுதிக்கொண்டேன். நேரம் ஏழு பதினெட்டு.