இடது கன்னத்தில் வெண்ணெய், வலது கன்னத்தில் முள்

சவர பிரஷ் செய்யும் அந்தப் பட்டறையில் அவருக்குக் 'கன்னம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளக் கவரின் மேல் மட்டும்தான் இருந்தது. "கன்னம் வந்தாச்சா?", "கன்னம் பாஸ் பண்ணிட்டாரா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அதில் கேலி கிடையாது. மற்றவர்கள் அங்கே கையால் பிழைத்தார்கள். அவர் ஒருவர்தான் கன்னத்தால் பிழைத்தார்.

காலையில் முள்முள்ளாக வளர்ந்த தாடியோடு வருவார். ஜன்னல் ஓரத்தில் ஒரு கண்ணாடி, ஒரு குழாய், அதன் கீழே இரண்டு குவளையில் சுடுதண்ணீர். வலது குவளையில் புதிதாகக் கட்டிய பிரஷ் ஊறும். இடது குவளையில் 'பெரியவர்' ஊறுவார். பெரியவர் என்பதும் பிரஷ்தான். பட்டறையில் இதுவரை கட்டியதிலேயே உயர்ந்தது என்று பூட்டி வைத்து, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிடுவார்கள். கைப்பிடியின் அழகைப் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாயுமே, அதற்காக இரண்டு கைப்பிடிகளுக்கும் ஒரே மாதிரி துணி உறை மாட்டியிருப்பார்கள். ஊறிவிட்டால் தலைகள் இரண்டும் நனைந்த கோழிதான், வித்தியாசம் தெரியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வலது கன்னத்தில் புதுசையும் இடது கன்னத்தில் பெரியவரையும் சுழற்றி நுரை எழுப்பித் தீர்ப்புச் சொல்வார்.

அவர் பார்ப்பதெல்லாம் பேட்ஜர் முடி. குளிர் தேசங்களில் வளை தோண்டி வாழும் ஒரு பிராணி அது. கறுத்த முரட்டு முடியில் கட்டினால் நுரை சட்டென்று கிளம்பும், ஆனால் முகத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்த மாதிரி இருக்கும். நுனி வெளுத்த முடி வேறு ஜாதி. தண்ணீரைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். கன்னத்தில் படுகிறதா இல்லையா என்றே தெரியாது, நுரை மட்டும் வந்து நிற்கும். ஆனால் மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, அழுத்தினால் திருப்பி அழுத்துகிற திராணியும் வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்துணியால் முகம் துடைத்தது போல ஆகிவிடும்.

இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. நுனியில் கத்திரி படக்கூடாது. முடியைத் தலைகீழாகக் குப்பியில் போட்டுத் தட்டித் தட்டித்தான் குமிழ் வடிவம் வர வேண்டும். கொஞ்சம் கோணலாக இருக்கிறதே என்று நுனியை வெட்டிச் சரி பண்ணினால் போச்சு, வெட்டுப்பட்ட ஒவ்வொரு முடியும் ஊசிதான். அந்தப் பட்டறையில் ஒருவரைப் பார்த்து "கத்திரி வச்சிருக்கே" என்று சொல்வது, சமையல்காரரிடம் போய் "சாப்பாட்டில் துப்பினாயா" என்று கேட்பதற்குச் சமம்.

கன்னம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். சொன்னது யாரிடம்? சொந்த அண்ணியிடம்.

அண்ணிதான் அங்கே முடி கட்டுவதில் முதல் கை. மனுஷனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அண்ணிதான். ஒரே கட்டிடத்தில் மேல் வீடு அண்ணனுடையது, கீழ் வீடு இவருடையது. நேற்றுவரை மேலே வதக்கியது கீழேயும் கீழே பொரித்தது மேலேயும் போய்வந்த குடும்பம் அது.

கொஞ்ச காலமாகவே அவருக்கு எந்த பிரஷ்ஷும் பிடிக்கவில்லை. வலது பக்கம் வைத்தது எல்லாம் குத்தியது. பெரியவர் மட்டும் இடது பக்கத்தில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனார். பழைய வழக்கப்படி ஒரு நாள் பார்த்தால் மறுநாள் பக்கம் மாற்றிப் பார்க்க வேண்டும். பெரிய வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்த அவசரத்தில், "என் கன்னத்துக்கு ரெண்டாம் தடவ தேவையில்ல" என்று அதை நிறுத்தியதும் அவரேதான். கொம்பு முளைத்திருந்தது, வேறென்ன?

குத்துகிறது என்றால் காரணம் இருக்க வேண்டுமே. சோப்பை மாற்றினார். குழாய்த் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது என்று வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவந்தார். முடி விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றார். கண்ணாடியைக்கூட இடம் மாற்றினார், அது என்ன பாவம் செய்ததோ. வீட்டில் ஒரு இடத்தில் உட்கார மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்து ஜன்னலுக்குப் போவார், ஜன்னலிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து மறுபடி நாற்காலிக்கு. மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்துவாள்.

"காலு ரெண்டையும் கட்டிப் போடவா? பாக்குற எனக்கே தல சுத்துது."

"குத்துதுடி."

"எது?"

"எல்லாம்."

அண்ணி கட்டியதையும் வரிசையாகத் தள்ளுபடி செய்தார். கடைசியில் முதலாளியம்மா "என்னதான் கோளாறு, சொல்லுங்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்டபோது, வாயிலிருந்து அது வந்துவிட்டது. "நுனியில கத்திரி பட்டிருக்கும்மா."

அண்ணி அழவில்லை. கையிலிருந்த நூலை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மட்டும் சொன்னாள். முதலாளியம்மா முடிவு சொன்னார். அண்ணி இன்னும் ஒரு பிரஷ் கட்டட்டும், அதையும் கன்னம் தள்ளினால் கட்டும் மேஜையைவிட்டு எழுந்து அட்டைப்பெட்டி மடிக்கிற பக்கம் போய்விட வேண்டும். முடி கட்டிக் கட்டி விரல் காய்த்துப்போன ஒருத்தியைப் பெட்டி மடிக்கச் சொல்வது சின்ன விஷயமில்லை. அன்றிலிருந்து மாடிப்படியில் கிண்ணம் எதுவும் இறங்கவில்லை. அண்ணன் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனான்.

பொய் சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. 'ஆஹா, வெண்ணெய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடும்பம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் குத்துகிறதைக் குத்தவில்லை என்று சொல்கிற கன்னம் யாருக்கு வேண்டும்? அண்ணியின் பிரஷ் இந்த ஒரு தடவையாவது வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று வேண்டாத தெய்வமில்லை.

அந்தக் காலையும் வந்தது. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் ஜன்னலைச் சுற்றி நின்றார்கள். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு குழாய்ப் பக்கத்திலேயே நின்றாள்.

"என்னோடத இடது பக்கம் போட்டுப் பாருங்க, தம்பி" என்றாள்.

"இடது பெரியவருக்கு. எப்பவும் அப்படித்தான் அண்ணி."

"சரி. உங்க இஷ்டம்."

அவர் குனிந்து கண்ணை மூடி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் அண்ணி இரண்டு குவளைகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டாள். பார்த்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அவர் வலது கையை நீட்டி ஒன்றை எடுத்தார், சுழற்றினார். நெற்றி சுருங்கியது. இடது குவளையிலிருந்து மற்றதை எடுத்து இடது கன்னத்தில் சுழற்றினார். முகம் தளர்ந்தது. பிறகு மெல்ல, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி. இதுலயும் கத்திரி பட்டிருக்கு."

அண்ணி முன்னால் வந்து வலது பக்கத்து பிரஷ்ஷின் துணி உறையை உருவினாள். பெரியவர்!

"பெரியவருக்கே கத்திரியா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, பட்டறை கொல்லென்று சிரித்தது. மெருகு போடுகிறவர் சிரிப்பில் முதுகு வலித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலாளியம்மா சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். நம்ம மனுஷனுக்கு நுரைக்குள்ளேயே முகம் சிவந்தது. எல்லாவற்றையும் கழுவிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடியும் வலது முள், இடது வெண்ணெய். பிரஷ்களைக் கை மாற்றினார். அப்போதும் வலது முள், இடது வெண்ணெய்தான். சிரிப்பு இன்னும் பலமானது.

முதலில் சிரிப்பை நிறுத்தியவள் அண்ணி. அவள் பிரஷ்ஷைப் பார்க்கவில்லை, அவருடைய இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மேஜைக்குப் போய் மலிவு பிரஷ்களுக்கு வைத்திருந்த பன்றி முடியில் ஒன்றை எடுத்து வந்தாள். கம்பி மாதிரி விறைத்த முடி.

"கண்ண மூடுங்க தம்பி."

"மூடிட்டேன்."

அவள் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, முடியின் நுனியை இடது கன்னத்தில் வைத்து அழுத்தினாள். முடி வளைந்தது.

"குத்துதா?"

"எது அண்ணி? தொடுறீங்க, தெரியுது. சீக்கிரம் குத்துங்க."

அவள் இன்னும் அழுத்தினாள். முடி வில்லாக வளைந்தது. அவர் சாவகாசமாகக் காத்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் அதே முடியை வலது கன்னத்தில் லேசாக வைத்தாள்.

"ஆ!"

அதற்குள் சிரிப்புச் சத்தம் அடங்கியிருந்தது. அவர் கண்ணைத் திறந்தபோது ஒருவரும் அவரை நேராகப் பார்க்கவில்லை. "என்னாச்சு? ஏன் எல்லாரும் இப்படி நிக்கறீங்க?" என்று கேட்டார். அண்ணி அந்த முடியை அவர் கையிலேயே கொடுத்தாள். அவரே குத்திப் பார்த்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே குத்தினார். இடது பக்கத்தில் தாடையோரம், உதட்டோரம், எங்கேயும் வலி இல்லை.

அன்றைக்கே மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். "இந்தப் பக்கம் கடைவாய்ப் பல் புடுங்கினீங்களா?" என்று கேட்டார் டாக்டர். பிடுங்கினது உண்மைதான். வலி போனதும் அதை மறந்தும் போயிருந்தார். அந்த இடத்தில் நரம்பு நசுங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். தொடுவது தெரியும், குத்துவது தெரியாது. "திரும்பி வரலாம். வராமலும் போகலாம்."

"எப்ப தெரியும் சார்?"

"வந்தா தெரியும்."

வெளியே வந்ததும் மனைவி கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டு நடந்தார். கடைத்தெரு, பஸ் நிற்குமிடம், மறுபடி கடைத்தெரு. பாதி முகத்தை வைத்துக்கொண்டு என்ன வேலை செய்வது என்கிற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொரு பக்கம். அத்தனை பேர் முன்னால் அண்ணியைக் கத்திரிக்காரி என்று சொன்னாரே! தான் குத்துப்பட்டபோதெல்லாம் நியாயவானாக வேறு நின்றாரே! மனைவி பின்னாலேயே ஓடிவந்து, மூச்சு வாங்க, "எனக்குக் கால் வலிக்குது, நீங்க நடக்கறதுனா நடங்க" என்று ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் கொஞ்ச நேரம் நின்றார். உட்காரவில்லை.

மறுநாள் பட்டறை திறந்ததும் முதல் ஆளாகப் போனார். தள்ளுபடி செய்த பிரஷ்கள் எல்லாம் ஒரு தட்டில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக ஊறவைத்தார். பெரியவரையும் சேர்த்துக்கொண்டார், ஆனால் இந்த முறை எல்லாமே வலது கன்னத்தில் மட்டும். மரத்த பக்கத்தோடு ஒப்பிட்டால் பட்டுகூட முள்ளாகத்தானே தெரியும். முதலில் பெரியவர், துடைத்துவிட்டுப் புதுசு, துடைத்துவிட்டு மறுபடி பெரியவர். வலது கன்னம் சிவந்து எரிந்தது. எரிந்தால் எரியட்டும், எரிவதாவது தெரிகிறதே.

நல்ல பிரஷ்கள். ஒன்று பெரியவரைவிடத் தண்ணீர் அதிகம் பிடித்தது. இன்னொன்று கொஞ்சம் தளர்ச்சி, ஆனாலும் நுனி பட்டு. எதிலும் கத்திரி இல்லை. ஒன்றொன்றையும் நல்ல வரிசையில் வைக்க வைக்கத் தலை தொங்கிக்கொண்டே போனது.

தட்டில் கடைசியாக இருந்தது மட்டும் குத்தியது. சந்தேகத்தில் நன்றாக அலசிவிட்டு மறுபடி சுழற்றினார். ஒரு ஓரத்தில் சுருக்கென்றது. துணி உறையைக் கழற்றினார். கட்டுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற நூல். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அண்ணி கட்டியது.

ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். நேற்று அத்தனை பேர் முன்னால் மூக்குடைபட்ட மனுஷன், இன்று காலையில் அதே அண்ணியிடம் போய் 'குத்துது' என்று சொல்வதா? எந்த முகத்தை வைத்துக்கொண்டு? நல்ல வரிசையில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி பையை மாட்டிவிட்டு நேராக அவரிடம் வந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாராம்?"

"வந்தா வருமாம்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்ணி, உங்களப் போயி கத்திரின்னு சொல்லிட்டேன். என் வாய் அழுகத்தான் போகுது."

"வாய்ல பாதிதானே மரத்துப் போச்சு. மீதிப் பாதியாவது ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. நல்ல வரிசையிலிருந்து அந்த பிரஷ்ஷை எடுத்து நீட்டினார்.

"மத்ததெல்லாம் பிரமாதம். இது குத்துது, அண்ணி."

பட்டறைக்குள் வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். அண்ணியின் முகம் மாறியது.

"எந்தக் கன்னத்துல?"

"வலதுல. ஓரமா."

அவள் பிரஷ்ஷை வாங்கித் தண்ணீரை உதறி, தன் மேலுதட்டில் மெல்லச் சுழற்றினாள். திருப்பிப் பிடித்து ஓரத்தில் சுழற்றினாள். சட்டென்று நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் முடியைப் பிரித்துப் பார்த்தாள். நாலைந்து முடி அடிப்பக்கம் மேலாகக் கட்டுப்பட்டிருந்தது, அவளுடைய கை செய்த தப்பு. இடுக்கியை எடுத்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேஜையில் வைத்தாள்.

"ஆமா, குத்துது" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

பிறகு பிரஷ்ஷை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்து நூலை எடுத்தாள். அவர் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்து, தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நிக்காதீங்க தம்பி, பஞ்சு எடுத்து அந்தக் கன்னத்துக்கு எண்ண போடுங்க. இருக்கறது ஒண்ணு, நாளைக்கும் வேணும்."